சோதிக்காத ரத்தம்

சீப்பை இழுத்தால் முடி கையோடு வந்தது. சிக்கு என்று நினைத்து தனலெட்சுமி மறுபடியும் இழுத்தாள். இன்னொரு கொத்து வந்தது. சந்திரகலா பள்ளிச் சீருடையில் நாற்காலியில் உட்கார்ந்து, மைலோ கிளாஸை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் இடுக்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். விரல்களை மடக்கிப் பிடிக்க அவளால் முடியவில்லை. ஐந்தாம் ஆண்டு படிக்கிற பிள்ளை, கைக்குழந்தை மாதிரி குடித்தாள்.

"அம்மா, ரிப்பன இறுக்கிக் கட்டாதீங்க. வலிக்குது."

"காய்ச்சல் விட்டுச்சாம்மா?"

"விட்டுட்டு விட்டுட்டு வருது."

மூக்கின் மேலும் இரண்டு கன்னங்களிலும் சிவப்பாகத் தடித்திருந்தது. வெயிலில் நின்றுவிட்டு வந்தால் இன்னும் சிவக்கும். அடுப்படியிலிருந்து பவுனம்மாள் எட்டிப் பார்த்தாள். தனலெட்சுமியின் வீட்டுக்காரர் பக்கிரிசாமியின் அக்கா அவள். புருஷன் இறந்த பிறகு தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவள். தம்பியின் சம்பளத்துக்கும் தம்பி மனைவியின் நடத்தைக்கும் தன்னை விட்டால் கண்காணிப்பாளர் யார் என்று ஒரு நினைப்பு அவளுக்கு.

"கேரி தீவுல நாங்கல்லாம் வெயில்லயே வளந்தோம். எங்களுக்கு ஒண்ணும் வரல. இது ஒங்க பக்கத்து ஒடம்பு போல," என்றாள்.

தனலெட்சுமி ரிப்பனைத் தளர்த்திக் கட்டினாள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் சுவர்கள் மெலிது. ஒரு வார்த்தை பதில் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

அன்று காலை பள்ளித் திடலில் வெயிலில் நின்ற சந்திரகலா மயங்கி விழுந்தாள். ஆசிரியை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "மூட்டு மூட்டா வீங்கியிருக்குங்க. ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்துத் தனியார் கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் டாக்டர் பக்கிரிசாமியை அழைத்தார். அந்த டாக்டர் கெட்டவர் அல்ல. அவசரக்காரர். வெளியே கூட்டம் நின்றது.

"ரிசல்ட் கொஞ்சம் கொழப்பமா இருக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, அங்க பிள்ளைங்க ஸ்பெஷலிஸ்ட் இருக்காங்க. இன்னும் சில டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும். லேட் பண்ணாதீங்க, ஓகே?"

என்ன குழப்பம், என்ன டெஸ்ட் என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல அவருக்கு நேரமில்லை. கேட்க பக்கிரிசாமிக்குத் துணிச்சலில்லை. முடிவுத் தாளையும் சீட்டையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவன், பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் திசைக்கு நேர் எதிராகத் திரும்பி, கிள்ளான் பஸ்ஸில் ஏறினான்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத்தான் இது புரியும். கேரி தீவுத் தோட்டத்தில் டாக்டர் என்பவர் எப்போதாவது காரில் வந்து போகிறவர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர்தான் எப்போதும் இருப்பவர். பிரசவமானாலும், பாரங்கத்தி காலில் பட்டாலும், பாம்பு கடித்தாலும் டிரெஸ்ஸர்தான். தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்து, அரசாங்க வேலையில் உட்கார்ந்து, வீட்டில் கலர் டிவி வைத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. டாக்டர் என்ன சொன்னாலும் டிரெஸ்ஸர் தலையாட்டினால்தான் அது வியாதி.

டிரெஸ்ஸர் வேலாயுதம் ஓய்வு பெற்று கிள்ளானில் வீடு வாங்கியிருந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தார். அதில் இருந்த பல வரிகள் அவர் காலத்தில் கிடையாது. அவற்றையெல்லாம் தாண்டித் தாண்டி விரல் கீழே வந்து, ஒரு வரியில் நின்றது. அது அவருக்குத் தெரிந்த வரி. தோட்டத்தில் கர்ப்பிணிகளுக்கு வருஷக்கணக்காக எடுத்த டெஸ்ட்.

"வி.டி.ஆர்.எல். ரியாக்டிவ்," என்றார். "யாரு பிள்ளைப்பா இது?"

"எம் பிள்ளதாங்கய்யா."

வேலாயுதம் கண்ணாடியைக் கழற்றினார். "எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல பக்கிரி. இது பொம்பளச் சீக்கு. சின்னப் பிள்ளைக்கு வருதுன்னா ஆத்தா வயித்துலேருந்துதான் வரணும். வேற வழியில்ல. நான் எத்தன பாத்திருக்கேன்."

அந்த மேகநோய்க்கு நம் ஆட்கள் வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள். ஊரெல்லாம் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருகிறவன் ஆண்பிள்ளை. பெயர் மட்டும் பெண்பிள்ளைக்கு. டிரெஸ்ஸருக்குத் தெரியாத வரிகள் அந்தத் தாளில் அத்தனை இருந்தன. 'எனக்கு இது விளங்கவில்லை, டாக்டர் சொன்ன இடத்துக்குப் போ' என்று சொல்லியிருந்தால் ஒரு குடும்பம் தப்பித்திருக்கும். ஆனால் தெரியாது என்ற சொல்லை அவர் தன் வாழ்நாளில் பழகியதே இல்லை.

"பெரிய ஆஸ்பத்திரியெல்லாம் வேணாம். நானே வந்து பென்சிலின் போடுறேன். வெளிய தெரியாது," என்றார்.

பக்கிரிசாமிக்குப் பயம் வந்தது. மனைவியை நினைத்து அல்ல. அவன் பட்டர்வொர்த் மெயிலில் டிக்கெட் பரிசோதகன். கல்யாணமான புதிதில், லீவு கிடைத்த நாட்களில், சக ஊழியர்களோடு பட்டர்வொர்த்திலிருந்து அப்படியே எல்லை தாண்டி தாய்லாந்தின் ஹாட்யாய்க்குப் போய் வந்த காலம் ஒன்று உண்டு. அங்கே என்னென்ன நடந்தது என்று கூட வந்தவர்கள் யாரும் வீட்டில் சொன்னதில்லை, இவனும் சொன்னதில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.

ஆனால் மனிதனின் மனம் இருக்கிறதே, அது தனக்குத் தானே வக்கீல். கிள்ளானில் பஸ் ஏறும்போது பயந்துபோயிருந்தவன், பத்து தீகா தாண்டும்போது கோபக்காரனாகிவிட்டான். பிரிக்பீல்ட்ஸில் இறங்கும்போது நீதிபதியாகவே ஆகிவிட்டான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தாளைத் தனலெட்சுமியின் மடியில் எறிந்தான்.

"உண்மையச் சொல்லு. மஸ்ஜித் இந்தியா துணிக்கடையில வேல செஞ்சப்ப எவன்கூடப் பழகுன?"

அவளுக்கு முதலில் என்ன கேட்கிறான் என்றே புரியவில்லை. புரிந்தபோது எழுந்து நின்றாள்.

"என்ன பேசுறீங்க? பிள்ளைக்கு என்னான்னு சொல்லுங்க மொதல்ல."

"பிள்ளைக்கு நீ குடுத்த சீக்குதான். டிரெஸ்ஸரே சொல்லிட்டாரு."

"டாக்டரு என்னா சொன்னாரு?"

"டாக்டரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாரு. போயி? அங்க உள்ள அட்டெண்டன்ல பாதிப் பேரு நம்ம கேரி தீவு ஆளுங்க. மானம் போகும்."

தனலெட்சுமி அழவில்லை. அவள் அழுதிருந்தால் பக்கிரிசாமிக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "சரி. என் ரத்தத்த எடுக்கட்டும். உங்க ரத்தத்தையும் எடுக்கட்டும். ரெண்டையும் பாத்துட்டு யாரு குடுத்த சீக்குன்னு பேசுவோம்," என்றாள்.

அவன் கை அவள் கன்னத்தில் விழுந்தது.

"ஆம்பளைய டெஸ்ட் பண்ணச் சொல்றியா? அவ்வளவு தூரம் ஆயிடுச்சா?"

சந்திரகலா அறை வாசலில் நின்றாள். தனக்கு ஏதோ வந்துவிட்டது, அதற்காக அம்மா அடிவாங்குகிறாள் என்று மட்டும் அவளுக்கு விளங்கியது. அது போதாதா ஒரு குழந்தைக்கு?

மறுநாளிலிருந்து அவளுக்குச் சாப்பிடத் தனி மங்கு, குடிக்கத் தனி கிளாஸ். பவுனம்மாள்தான் பிரித்து வைத்தாள். துண்டும் தனி. துவைக்கிற வாளியும் தனி. "ஒட்டிக்கும் தாயி, தள்ளி உக்காரு," என்பாள், ஏதோ அன்பாகச் சொல்வது போல. இந்த விஷயத்தை அவள் ஊருக்குச் சொல்லவில்லை என்பதையும் நியாயமாகக் குறிப்பிட வேண்டும். "யாருகிட்டயும் சொல்லிடாத" என்று மட்டும் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னாள். அதற்குப் பிறகு குழாயடியில் தனலெட்சுமி வாளியை வைத்தால் பக்கத்து வாளிகள் நகர்ந்தன. காய்கறி வாங்க பாசாருக்குக் கூட வருகிற பெண்கள் முன்னாலேயே போய்விட்டார்கள். சந்திரகலாவோடு விளையாட வருகிற பிள்ளைகளை வாசலோடு கூப்பிட்டுக்கொண்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஞாயிறு தவறாமல் வேலாயுதம் பஸ்ஸில் வந்து ஊசி போட்டார். ஊசி போட்ட இடம் கல்லாக வீங்கியதே தவிர காய்ச்சல் நிற்கவில்லை. தனலெட்சுமி வாசலில் நின்று, "ஐயா, பிள்ள நாளுக்கு நாள் மோசமாகுதுங்க," என்றபோது அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பக்கிரிசாமியிடம் பதில் சொன்னார்: "பழைய சீக்குப்பா. மெல்லத்தான் எறங்கும்."

சீக்கு இறங்கவில்லை. வேறு எங்கோ ஏறிக்கொண்டிருந்தது. காலையில் எழுந்தால் பிள்ளையின் கண் இமைகள் உப்பியிருந்தன. பள்ளிக் காலணி காலில் நுழையவில்லை. ஒருநாள் குளியலறையிலிருந்து சந்திரகலா கூப்பிட்டாள்.

"அம்மா, ஒண்ணுக்குப் போனா கோப்பி கலர்ல வருது. நொரை நொரையா இருக்கு. அத்தைகிட்ட சொல்லாதீங்கம்மா. வாளியத் தொடாதன்னு திட்டுவாங்க."

தனலெட்சுமி அதைப் பார்த்தாள். அவ்வளவு நாளும் மானம், மானம் என்று அந்த வீட்டில் எல்லோரும் எதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்களோ, அது அந்த நிமிஷத்தில் அவள் கையை விட்டுப் போனது. பக்கிரிசாமி மெயிலில் பட்டர்வொர்த் போயிருந்தான். அவள் பிள்ளைக்கு உடை மாற்றி, எதிர் வீட்டு டாக்சியைக் கூப்பிட்டாள்.

பவுனம்மாள் வாசலில் கையை விரித்து நின்றாள்.

"தம்பி வரட்டும். அவனக் கேக்காம அந்த ஆஸ்பத்திரிக்குப் போனா, திரும்ப இந்த வாசப்படி மிதிக்காத."

"வழி விடுங்க அண்ணி. இல்லன்னா வந்து பிள்ளையோட காலப் புடிச்சுத் தூக்குங்க. ரெண்டுல ஒண்ணு செய்யுங்க."

பவுனம்மாள் இரண்டையும் செய்யவில்லை. தனலெட்சுமி அவளைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு இறங்கினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவு டாக்டர் ராஜேஸ்வரி, பிள்ளையின் முகத்தைப் பார்த்ததுமே கை கால்களையும் நீட்டச் சொன்னார். கன்னத்துச் சிவப்பு, உதிர்ந்த முடி, வீங்கிய விரல்கள், கால். ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள். தனலெட்சுமி தன் கையையும் நீட்டினாள்.

"என் ரத்தத்தையும் எடுங்க டாக்டர். என்ன டெஸ்ட்டுன்னு உங்களுக்குத் தெரியும்."

டாக்டர் ஏன் என்று கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க டாக்டரின் முகம் கறுத்தது.

முடிவுகள் வந்த அன்று டாக்டர் அவளை வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து பக்கிரிசாமி வந்து சேர்ந்தான். வீட்டில் அக்கா ஓதியதையெல்லாம் கேட்டுவிட்டு, ரயில்வே யூனிபாரத்தைக்கூட மாற்றாமல் வந்திருந்தான்.

"யாரக் கேட்டு இங்க கூட்டியாந்த? எழுந்திரு. பிள்ளையக் கூப்புடு, வீட்டுக்குப் போலாம்."

வராந்தாவில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தனலெட்சுமி அசையவில்லை.

"நீங்கதான் அப்பாவா?" என்றார் டாக்டர். "உக்காருங்க. சத்தம் போடாதீங்க, இது பிள்ளைங்க வார்டு. உங்க மகளுக்கு நீங்க நெனைக்கிற வியாதி இல்ல. உங்க மனைவிக்கும் இல்ல. ரெண்டு பேரையும் டெஸ்ட் பண்ணியாச்சு."

"டிரெஸ்ஸரு தாளப் பாத்துட்டுத்தாங்க சொன்னாரு..."

"அந்த ஒரு டெஸ்ட் சில பேருக்குத் தப்பாக் காட்டும். அதனாலதான் ரெண்டாவதா இன்னொண்ணு எடுத்து உறுதிப்படுத்தணும். எடுத்தோம். ஒண்ணுமில்ல. இது லூபஸ்னு ஒரு வியாதி. வீட்டுக் காவலுக்கு ஒரு ஜாகா போட்டிருக்கீங்கன்னு வைங்க. திருடன அடிக்க வேண்டிய ஜாகா, வீட்டு ஆளுங்களையே திருடன்னு நெனச்சு அடிச்சா எப்பிடி இருக்கும்? ஒடம்பக் காப்பாத்த வேண்டிய சக்தியே ஒடம்ப அடிக்குது. மூட்ட அடிக்குது, தோல அடிக்குது. அந்த ஜாகாவோட அடையாளம் ரத்தத்துல தெரியும். ஏ.என்.ஏ-ன்னு ஒரு டெஸ்ட், டி.என்.ஏ-வுக்கு எதிரானது ஒண்ணு. ரெண்டும் இவளுக்கு ரொம்ப அதிகமா இருக்கு. இந்த வியாதிக்காரங்களுக்குத்தான் அந்தப் பழைய டெஸ்ட் பொய் சொல்லும். இது யாரும் யாருக்கும் குடுத்த சீக்கு இல்ல. ஒட்டாது. தனி மங்கெல்லாம் தூக்கிப் போடுங்க."

"மருந்து இருக்குங்களா?"

"இருக்கு. நெறைய நாள் சாப்பிடணும், வெயில்ல நிக்கக் கூடாது. மொகம் உப்பும், பயப்படக் கூடாது, மாத்திரைய நீங்களா நிறுத்தக் கூடாது. ஆனா கிட்னி வரைக்கும் போயிடுச்சு. அந்த கிளினிக் டாக்டர் சொன்ன அன்னிக்கே வந்திருந்தா, இவ்வளவு தூரம் வந்திருக்காதுன்னுதான் நான் நெனைக்கிறேன்."

பக்கிரிசாமி இதில் எதைக் கேட்டான்? கிட்னி என்றதைக் கேட்டானா? முதலில் அவன் செய்தது, நீளமாக ஒரு மூச்சு விட்டதுதான். தோள்கள் தளர்ந்தன. முகத்தில் ரத்தம் திரும்பியது. பிள்ளைக்கு அந்தச் சீக்கு இல்லை என்றால் ஹாட்யாய்க் கணக்கும் தீர்ந்தது. யாரும் இனிக் கேட்கப் போவதில்லை.

தனலெட்சுமி அந்த மூச்சைப் பார்த்துவிட்டாள். பயமில்லாதவன் இப்படி மூச்சு விடமாட்டான். கூடவே குடித்தனம் நடத்துகிறவளுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் எழுந்து வார்டுக்குள் போன பிறகும் அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி லெட்சுமி, விடு," என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. "நடந்தது நடந்துபோச்சு. தெரியாமப் பண்ணிட்டேன் லா. டிரெஸ்ஸரு அப்பிடிச் சொன்னா நான் என்னா செய்வேன்? வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்."

"வீட்டுல பேசுனா நாலு வீட்டுக்குத்தான் கேக்கும். இங்கயே பேசலாம்."

"லெட்சுமி..."

"என்னைச் சந்தேகப்பட ஒங்களுக்கு ஒரு டெஸ்ட் போதுமா இருந்துச்சு. அதுவும் பொய்யான டெஸ்ட். நான் நல்லவதான்னு நம்ப எத்தன டெஸ்ட் வேணும்? பிள்ள ரத்தத்த ரெண்டு எடத்துல எடுத்தாச்சு. என் ரத்தத்தையும் எடுத்தாச்சு. இன்னும் சோதிக்காத ரத்தம் இந்த வீட்டுல ஒண்ணுதான் பாக்கி. மொதல் நாளே ரெண்டு பேரும் குடுப்போம்னு சொன்னேன். கன்னத்துல அடிச்சீங்க. பொம்பள மேல பழி போட்டுட்டு ஆம்பள ஒதுங்கிக்கிட்டா, அடி பிள்ள மேலதாங்க விழும். விழுந்துடுச்சு. ஒங்க மானத்தக் காப்பாத்துறதுக்கு எம் பிள்ள கிட்னியக் குடுத்திருக்கா."

பக்கத்து பெஞ்சில் பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒரு மலாய்ப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மொழி புரியாவிட்டாலும் என்ன நடக்கிறது என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"அந்தக் கடைசி ரூம்புலதான் ரத்தம் எடுக்குறாங்க," என்றாள் தனலெட்சுமி. "குடுத்துட்டு வாங்க. அப்பறம் ஒங்க அக்கா எந்தெந்த வீட்டுல சொன்னாங்களோ, அந்தந்த வீட்டுக்கெல்லாம் போயி நீங்களே சொல்லிட்டு வாங்க. அது ரெண்டும் முடியட்டும். நான் எந்த வாசப்படிய மிதிக்கிறதுன்னு அப்பறம் யோசிக்கிறேன்."

அவள் எழுந்து வார்டுக்குள் போய்விட்டாள். கண்ணாடிக் கதவு வழியாகப் பக்கிரிசாமிக்குச் சந்திரகலாவின் கட்டில் தெரிந்தது. ஆஸ்பத்திரி கிளாஸில் அம்மா தண்ணீர் கொடுத்தாள். பிள்ளை வாயை வைக்காமல், கிளாஸைத் தூக்கிப் பிடித்து அண்ணாந்து ஊற்றிக் குடிக்கப் பார்த்தாள். விரல்கள் பிடிக்காமல் தண்ணீர் கழுத்தெல்லாம் வழிந்தது. எச்சில் படக்கூடாது என்று அத்தை வீட்டில் பழக்கிய பழக்கம். தனலெட்சுமி கிளாஸை வாங்கி, தானே ஒரு வாய் குடித்துவிட்டு, அதே கிளாஸைப் பிள்ளையின் உதட்டில் வைத்தாள்.

பக்கிரிசாமி அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். டாக்டர் சொன்ன கிட்னி என்ற சொல் அவனுக்குள் இறங்கியது அப்போதுதான். ரயில் வேலைக்காரன், எத்தனையோ பேரை டிக்கெட் காட்டு என்று நிறுத்தி வைத்தவன். தன்னிடம் டிக்கெட் கேட்பார் யாருமில்லை என்றே இதுவரை வாழ்ந்துவிட்டான்.

வராந்தாவின் கடைசி அறைக்கு நடந்து போனான். மேஜையில் ரத்தம் எடுக்க உட்கார்ந்திருந்த மிஸ்ஸி நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு டாக்டர் அனுப்புனது அங்கிள்?"

"டாக்டர் இல்லம்மா. எம் பெஞ்சாதி அனுப்புனா." நாற்காலியில் உட்கார்ந்து, ரயில்வே சட்டையின் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினான். "அவ கையக் காட்டுறதுக்கு முன்னாடி நான் காட்டியிருக்கணும். எடும்மா."